ஒரு வீடியோவை நீக்கச் சொல்றது யாரு?

[திரையில்: மேலூர் ரோடு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை]

2019 ஏப்ரல் 3. மதுரை வக்கீல் ஒருத்தர் போட்ட பொதுநல வழக்குல, டிக்டாக்கை டவுன்லோட் பண்ண முடியாதபடி தடை செய்யுங்கன்னு மத்திய அரசுக்கு இந்த நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுச்சு. ஆபாச வீடியோ சின்னப் பிள்ளைங்க கண்ணுல படுது, முன்பின் தெரியாதவங்க அவங்ககிட்ட நேரா பேச முடியுதுங்கிறதுதான் கவலை. ரெண்டு வாரத்துல கூகுள், ஆப்பிள் ஸ்டோர் ரெண்டுலயும் டிக்டாக் இல்லாமப் போச்சு.

ஏப்ரல் 24. அதே நீதிமன்றம் தடையை நீக்குச்சு. நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தார், தடை இதுக்குத் தீர்வாகாது, ஒழுங்கா பயன்படுத்துறவங்க உரிமையையும் பார்க்கணும்னு வாதாடினாரு. ஆபாச வீடியோ வராம கம்பெனி பார்த்துக்கணும், இல்லைன்னா நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வரும்னு நிபந்தனை போட்டாங்க.

பிள்ளைங்களைப் பத்தின அந்தக் கவலை நியாயமானது. ஆனா மாட்டுத்தாவணி மார்க்கெட்ல ஒரு கடைக்காரர் கெட்டுப்போன சரக்கை வித்தா, அந்தக் கடைக்குத்தான் பூட்டு. மார்க்கெட்டுக்கே பூட்டுப் போடுறதில்ல. அப்ப எதை, யாரு, எப்படி நீக்கணும்?

[திரையில்: இரண்டு செல்போன்கள், பக்கத்துல பக்கத்துல]

ரெண்டு வீடியோவை எடுத்துக்குவோம். செல்லூர்ல இருக்கிற ஒரு காலேஜ் பொண்ணோட முகத்தை எவனோ ஆபாசப் படத்துல ஒட்டிப் போட்டுட்டான்னு வைங்க. அதே நாள்ல ஒரு தம்பி, ஏ.வி. பாலத்துக்குக் கீழ நின்னு, வைகையில சாக்கடை கலக்கிறதைப் படம் புடிச்சுப் போடுறாரு. ரெண்டு மேலயும் புகார் போகுது.

முதல் வீடியோ ஒரு மணி நேரம் இருந்தாலே அந்தப் பொண்ணு வாழ்க்கை நொறுங்கிடும். ரெண்டாவதை ஊரே பார்த்தாத்தான் ஆத்துக்கு நல்லது. ரெண்டையும் ஒரே அவசரத்துல தூக்கினா, காப்பாத்த வேண்டியதையும் சேர்த்துக் கொன்னுடுவோம்.

சட்டம் என்ன சொல்லுது? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 79வது பிரிவு. மக்கள் போடுற பதிவுக்காக, அதைக் காட்டுற சமூக ஊடகத் தளத்து மேல வழக்குப் பாயாது. ஆனா முறைப்படி நீக்கச் சொல்லியும் நீக்கலைன்னா அந்தப் பாதுகாப்பு போயிரும். இங்கதான் சிக்கல். ஒரு சாதாரண ஆளோட வீடியோவால கம்பெனிக்குப் பெருசா லாபமில்ல. அதை வச்சிருந்து கேஸ் வாங்குறதை விட, சந்தேகம் வந்தாலே நீக்கிடறது அவங்களுக்கு லேசு. சட்டத்தைக் கடுமையாக்க ஆக்க இந்தப் பயமும் கூடும். முதல்ல பலியாகிறது, எதிர்த்துக் கேக்க வக்கீல் வைக்க வசதியில்லாத அந்தத் தம்பி வீடியோதான்.

அதனாலதான் 2015 மார்ச் 24ல உச்ச நீதிமன்றம் சொன்ன ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு முக்கியம். இணையத்துல புண்படுத்துற மாதிரி பதிவு போட்டாலே கைது பண்ண வழிவிட்ட 66ஏ பிரிவை ரத்து பண்ணின தீர்ப்பா அது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிரிவுல, 2012ல புதுச்சேரியில ஒருத்தர் ஒரே ஒரு ட்வீட்டுக்காகக் கைதானாரு. அதே தீர்ப்புல 79 பத்தியும் ஒரு விஷயம் இருக்கு: யாரோ ஒருத்தர் புகார் கொடுத்துட்டாங்கன்னே நீக்கணும்ங்கிற கட்டாயம் கம்பெனிக்கு இல்ல; நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ வரணும். அதுவும், பேச்சுரிமையை எதுக்கெல்லாம் கட்டுப்படுத்தலாம்னு அரசியலமைப்பு 19(2)ல இருக்கிற காரணங்களுக்குள்ள இருக்கணும். அதிகாரிக்குச் சங்கடமா இருக்குங்கிறது அந்தப் பட்டியல்ல கிடையாது.

அதே சட்டத்துக்குக் கீழ வந்த 2021 விதிகள் முதல் வீடியோவுக்கு ஒரு நல்ல வழி பண்ணுச்சு. அந்தரங்கப் படம், முகம் மாத்தி ஒட்டின படம்னு பாதிக்கப்பட்டவங்க புகார் கொடுத்தா 24 மணி நேரத்துல நீக்கணும்னு வந்துச்சு; 2026 பிப்ரவரியில அதை ரெண்டு மணி நேரமாக் குறைச்சாங்க. இதை நான் முழு மனசோட ஆதரிக்கிறேன்.

ரெண்டாவது வீடியோவுக்குத்தான் பாதுகாப்பு பத்தல. மத்திய அரசு இதே சட்டத்தோட 69ஏ பிரிவுல ஒரு பதிவை முடக்கினா, அதுக்கான 2009 விதிகள்ல 16வது விதி எல்லாத்தையும் ரகசியம்ங்குது. போட்டவர் கைக்கு உத்தரவு நகல் பெரும்பாலும் வராது. அரசு உத்தரவை எதிர்த்து அரசியலமைப்பு 226ன் கீழ உயர் நீதிமன்றத்துல ரிட் மனு போடலாம். ஆனா என்ன காரணம்னே தெரியாம எதை எதிர்த்து வாதாடுறது? நகல் கொடுங்க, காரணத்தை எழுதுங்க, போட்டவரையும் கேளுங்க. நம்ம பிரதிநிதிகள்கிட்ட நாம கேக்க வேண்டியது இதுதான்.

இது நடக்காத காரியமில்ல. ஐரோப்பிய ஒன்றியத்தோட டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17ல இருந்து முழுசா அமல்ல இருக்கு. பதிவை நீக்கினா கம்பெனி காரணத்தைப் போட்டவருக்கு எழுத்துல சொல்லணும். மீறினா உலக வருமானத்துல 6 சதவீதம் வரை அபராதம். கடிவாளம் கம்பெனிக்கு, உரிமை மக்களுக்கு.

இன்னொண்ணு. தன்னைப் பத்தி வர்ற செய்தி பொய்யா இல்லையான்னு அரசே முடிவு பண்ற உண்மைச் சரிபார்ப்புப் பிரிவுக்கு 2023ல விதி கொண்டுவந்தாங்க. 2024 செப்டம்பர்ல பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. சரியான தீர்ப்பு.

[திரையில்: புகார் படிவம்]

உங்களுக்கு இப்படி நடந்தா? அந்தரங்கப் படம்னா, முதல்ல லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரப்படுத்துங்க. தளத்தோட குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்க. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துலயும் பதியுங்க. பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பேர் சொல்லாமலும் கொடுக்கலாம். உங்க வீடியோவைத் தளமே நீக்கிருச்சுன்னாலும் குறைதீர் அதிகாரிகிட்டதான் முதல் புகார். அவர் பதில் சரியில்லைன்னா, 30 நாளுக்குள்ள, மத்திய அரசு அமைச்ச குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைன்லயே போகலாம். நாள் கணக்கு அந்தப் பதில் வந்த தேதியில இருந்து ஓடும், அதனால அந்த மெயிலை அழிச்சிடாதீங்க.