செல்ஃப் சத்தம் எப்போது வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் ஒன்றை ஓரமாக நிறுத்திவைத்து, ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் கழற்றியும் மாட்டியும் அதை ஓடவைக்கப் பாடுபடுகிறவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். சாவியைத் திருப்பியதும் முன்புறத்தில் ஏதோ அரைபடுவதுபோல ஒரு சத்தம் எழுமே, அதைக் கேட்டுப் பல்லைக் கடித்திருப்பீர்கள். உடனே பக்கத்தில் நிற்பவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "செல்ஃப் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்." செல்ஃப் என்பது எஞ்சினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். சத்தம் எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை. அது எப்போது வருகிறது? அதைக் கவனியுங்கள்.

உள்ளே நடப்பதை மனக்கண்ணில் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் செல்ஃபின் தலையில் இருக்கும் சோலனாய்டு என்ற மின்காந்த சுவிட்ச், பினியன் என்ற சிறிய பல்சக்கரத்தை முன்னே தள்ளுகிறது. அது எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் விளிம்பில் உள்ள ரிங் கியர் என்ற பல்வளையத்தில் போய்க் கோத்துக்கொள்கிறது. அதன் பிறகே மோட்டாருக்கு முழு மின்சாரம் பாய்கிறது. எஞ்சின் பற்றிக்கொண்டு தானே ஓடத் தொடங்கியதும் சாவியை விடுகிறீர்கள், பினியன் பின்வாங்குகிறது. கோப்பது, சுற்றுவது, பற்றிக்கொள்வது, விலகுவது, எல்லாம் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும். சத்தம் இந்த நான்கில் எந்த நேரத்தில் வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எஞ்சின் சுற்றாமல் "டகடகடக" என்று மட்டும் கேட்டால் செல்ஃபைத் தொடவே தொடாதீர்கள். சோலனாய்டு இழுக்கிறது, மோட்டார் மின்சாரம் கேட்கிறது, வோல்டேஜ் சரிகிறது, சோலனாய்டு விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்டேஜ் ஏறி மறுபடியும் இழுக்கிறது. அதுதான் அந்தத் தாளம். பேட்டரி, அதன் முனைகள், எர்த் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். மீட்டெடுத்த கார்களில் இந்த எர்த் வயர் தனிக்கதை. எஞ்சினுக்கு ஆசையாகப் புதுப் பெயின்ட் அடித்து, அந்தப் பெயின்ட்டின் மேலேயே எர்த் வயரை முறுக்கிவைத்திருப்பார்கள். பெயின்ட் வழியாக மின்சாரம் எப்படிப் போகும்? அந்த இடத்தைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு முறுக்க வேண்டும்.

மோட்டார் மட்டும் "விர்ர்" என்று ஓடி, எஞ்சின் அசையாவிட்டால் பினியன் வெளியே வரவில்லை, அல்லது அதனோடு இருக்கும் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது. இது உண்மையிலேயே செல்ஃபின் கோளாறு. கழற்றத்தான் வேண்டும்.

சில நாள் அரைக்கும், சில நாள் அரைக்காது என்றால்? நாலு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் கம்ப்ரஷன் காரணமாகப் பெரும்பாலும் ஏறத்தாழ இரண்டே நிலைகளில்தான் வந்து நிற்கும். ஆகவே பினியன் மோதுவதும் ரிங் கியரின் அந்த இரண்டு இடங்களில்தான். அங்கே பற்கள் தேய்ந்திருக்கும். மற்ற இடங்கள் புதிதுபோல இருக்கும். செல்ஃபைக் கழற்றிய துளை வழியாக டார்ச் அடித்து, எஞ்சினை ஸ்பேனரால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எல்லாப் பற்களையும் பாருங்கள். எட்டிப் பார்க்கும்போது கண்ணில் படுகிற நாலைந்து பற்களைப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

இப்போது நண்பர் ஒருவரின் கதைக்கு வருகிறேன். எங்கே போனாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அவர் வைத்திருந்தது, எஞ்சினின் அடியில் இரண்டு போல்ட்டுகளில் தொங்கும் செல்ஃப். பழைய ஷெவர்லே வி-8 எஞ்சின்களில் இந்த அமைப்பைப் பார்க்கலாம். சத்தம் தாங்காமல் புது மோட்டார் வாங்கினார். அதே சத்தம். கடைக்காரரிடம் சண்டை போட்டு அதையும் மாற்றினார். அதே சத்தம்! ஃப்ளைவீலையே இறக்கிவிடலாம் என்று கிளம்பியவரிடம், "பழைய போல்ட்டைக் காட்டுங்கள்" என்றேன். கொண்டுவந்தார். வழவழவென்று இருந்தது. இந்த அமைப்பில் போல்ட்டின் தண்டில் ஒரு பகுதி சொரசொரப்பாக வரியிட்டிருக்கும். அந்த வரிப்பகுதிதான் துளையில் இறுக உட்கார்ந்து மோட்டாரைச் சரியான இடத்தில் நிறுத்துகிறது. முந்தைய உரிமையாளர் கையில் கிடைத்த சாதாரண போல்ட்டைப் போட்டிருக்கிறார். தலை ஒன்று, மரை ஒன்று, நீளமும் ஒன்று; ஆனால் துளைக்குள் மயிரிழை ஆட்டம். சரியான போல்ட்டுகள் வந்தன, சத்தம் போய்விட்டது. அவர் தூக்கிப்போட்ட முதல் மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

அதே அமைப்பில் இன்னொன்று. சுற்றும்போது கிரீச்சென்ற ஊளை கேட்டால் பினியனுக்கும் ரிங் கியருக்கும் இடைவெளி அதிகம். எஞ்சின் பற்றிக்கொண்ட பிறகு, சாவியை விடும் தருணத்தில் ஊளையிட்டால் இடைவெளி குறைவு. மறுபடியும் சொல்கிறேன்: முன்னால் வந்தால் அதிகம், பின்னால் வந்தால் குறைவு. அதிகமென்றால் செல்ஃபுக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய ஷிம் தகட்டை எடுங்கள், குறைவென்றால் சேருங்கள். பினியன் பல்லின் நுனிக்கும் ரிங் கியர் பள்ளத்தின் அடிக்கும் நடுவே ஒரு பேப்பர் கிளிப் கம்பி நுழைந்தால் ஏறத்தாழச் சரி.

1912ஆம் ஆண்டின் கேடிலாக் காருக்கு மின்சார செல்ஃபை உருவாக்கிக் கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங். அதற்கு முன் கல்லாப்பெட்டிக்கு மோட்டார் செய்தவர். சில நொடிகள் மட்டும் ஓடினால் போதும் என்றால் சிறிய மோட்டாரே பெரிய வேலை செய்துவிடும் என்று கண்டவர். அதனால்தான் சொல்கிறேன், பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து சாவியைப் பிடிக்காதீர்கள், மோட்டாரை ஆறவிடுங்கள். இவரைப் பற்றி இன்னும்... சரி, கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள்.

மோட்டார் தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷின் தேய்மானம் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். சாவியை விட்ட பின் மோட்டார் உறுமிக்கொண்டே ஓய்ந்தால் புஷ்ஷையும், மோட்டாருக்குள் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் தண்டையும் சந்தேகப்படுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: எஞ்சின் சுற்றும்போது 12 வோல்ட் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. காரின் அடியில் போகும் முன் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். சாவி அணைந்திருந்தாலும் செல்ஃபுக்குப் போகும் தடித்த வயரில் மின்சாரம் இருக்கும். வணக்கம்.