எழுவாய் யார்?

அனைவருக்கும் வணக்கம். மட்டுமீறிய குடியைப் பற்றிக் கருத்துக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. குடி நல்லதா கெட்டதா என்று வாதாட நான் வரவில்லை. கெட்டதுதான். அந்தக் கட்டுரைகள் நம்மை எப்படித் தம் பக்கம் இழுக்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

மூன்று வாக்கியங்களைக் கேளுங்கள். 'இளைஞர்கள் குடித்துச் சீரழிகிறார்கள்.' 'மது நிறுவனங்கள் இளைஞர்களைக் குறிவைக்கின்றன.' 'குடிப்பழக்கம் பெருகி வருகிறது.' எழுவாயை மட்டும் கவனியுங்கள். முதலாவதில் குற்றவாளி குடிப்பவர், அடுத்ததில் விற்பவர். மூன்றாவதில் ஆளே இல்லை. மழை பெய்வதைப் போல அது பாட்டுக்கு நடக்கிறது. ஓர் ஆதாரமும் காட்டாமல் இலக்கணமே தீர்ப்பு எழுதிவிட்டது! விளம்பரங்களில் வரும் 'பொறுப்போடு குடியுங்கள்' இந்த வித்தையில் கெட்டிக்காரத்தனமானது. சுமை முழுவதும் குடிப்பவர் தலையில். எவ்வளவு குடித்தால் பொறுப்பு? அதை அந்த வரி சொல்வதே இல்லை.

'நாம் விழித்துக்கொள்ள வேண்டும்' என்றும் எழுதுவார்கள். அந்த 'நாம்' என்பதற்குள் குடிப்பவர் மட்டும் இருக்க மாட்டார்.

சரி, எண்களுக்கு வருவோம். ஒரே அமர்வில் 60 கிராம் அல்லது அதற்கு மேல் தூய ஆல்கஹால், கடந்த 30 நாளில் ஒரு முறையாவது: மட்டுமீறிய குடிக்கு இது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அமெரிக்காவில் சுமார் 2 மணி நேரத்தில் ஆணுக்கு 5, பெண்ணுக்கு 4 கோப்பை என்பார்கள். அங்கே ஒரு கோப்பைக்கு 14 கிராம் ஆல்கஹால் கணக்கு. அளவுகோல் மாறினால் 'இத்தனை பேர்' என்ற எண்ணும் மாறிவிடும். எந்த அளவுகோல் என்று எத்தனை கட்டுரைகள் சொல்கின்றன?

2019இல் மதுவால் 26 லட்சம் மரணங்கள் என்று அதே நிறுவனம் மதிப்பிட்டது. நடுங்கவைக்கும் எண்தான். ஆனால் அது எல்லா வகைக் குடிக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. மாணவர்களின் வாரக்கடைசிக் கொண்டாட்டத்தைத் திட்டும் கட்டுரையின் முதல் வரியில் அதைப் போட்டால், ஒரு பொய்கூடச் சொல்லாமல் வாசகரை ஏமாற்றலாம்.

இதெல்லாம் வெறும் நடைப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். எழுவாய் யாரோ, மருந்தும் அவருக்குத்தான். இளைஞரை எழுவாயாக்கிய கட்டுரை கடைசியில் பெற்றோருக்கு அறிவுரை சொல்லி முடியும். உலக சுகாதார நிறுவனம் நாடுகளுக்குப் பரிந்துரைக்கும் வரி உயர்வு, விற்பனைக் கட்டுப்பாடு, விளம்பரத் தடை ஆகியவை விற்பவரை எழுவாயாக்கிய கட்டுரையில்தான் தலைகாட்டும்.