இலவச வகுப்பில் குரைத்த நாய்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

இணையத்தில் பணம் சம்பாதிக்கக் கற்றுத் தரும் இலவச வகுப்புகள் முயன்று பார்க்கத் தக்கவையா, ஒதுங்கிப் போக வேண்டியவையா? இதுதான் இன்றைய வழக்கு. முயன்று பார்க்கலாம் என்று எனக்கு முன்னால் தம்பி ஒருவர் பேசினார். நன்றாகவே பேசினார். "காசா பணமா, சும்மாதானே கிடைக்கிறது? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். நானும்தான் தட்டினேன். ஆனால் தம்பி, தானம் என்றால் மாட்டைக் கட்டிவிட்டுக் கொடுத்தவர் போய்விட வேண்டும். இங்கே கொடுத்தவர் கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நம் வாசலிலேயே நிற்கிறாரே! பல்லை மட்டுமா, கொம்பையும் குளம்பையும் சேர்த்தே பார்க்க வேண்டிய மாடு இது.

நான் காதில் விழுந்ததை வைத்துப் பேசவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை நானே அப்படி ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். நடத்தியவர் யார் என்பது நமக்கு வேண்டாம். 'லைவ் வெபினார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஓரத்தில் சாட் ஓடிக்கொண்டிருந்தது. 'சூப்பர் சார்', 'கண் திறந்துடுச்சு சார்' என்று ஆளாளுக்குப் போட்டுத் தள்ளினார்கள். நடுவில், சரியாக 41-வது நிமிடத்தில், அவர் வீட்டு நாய் குரைத்தது. அவர் சிரித்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க, லைவ்னா இப்படித்தான்" என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்தே போய்விட்டது. நம்மைப் போல ஒரு ஆள் என்று தோன்றியது.

ஆனாலும் ஒரு சந்தேகம். செவ்வாய்க்கிழமை வேறு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து மறுபடியும் உள்ளே போனேன். 41-வது நிமிடம் வந்தது. நாய் குரைத்தது. அவர் சிரித்தார், மன்னிப்புக் கேட்டார். சாட்டில் அதே ஆளுக்கு அதே இடத்தில் கண் திறந்தது. நடுவர் அவர்களே, நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளியில் படித்தேன். இவ்வளவு நேரம் தவறாத பிராணி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சிரிக்கிறீர்கள், சரி. பாடம் நல்லதா கெட்டதா என்ற கேள்வி அப்புறம் வரட்டும். வாசலில் எழுதியிருந்த 'லைவ்' என்ற முதல் சொல்லே பொய்யாக இருந்தது. ஒரு நாயை வைத்து நம்பிக்கையைத் தயாரிக்கத் தெரிந்தவர்களிடம்தான் நாம் பாடம் கேட்கப் போகிறோம்.

"எதுவாக இருந்தாலும் நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாமே" என்றார் தம்பி. வாருங்கள், அந்த 90 நிமிடத்தில் என்ன தெரிந்துகொண்டேன் என்று கணக்குப் பார்ப்போம். முதல் 25 நிமிடம் அவர் வாழ்க்கை வரலாறு. கடன், அவமானம், கண்ணீர், திடீரென்று ஒரு வெளிச்சம், அப்புறம் கடற்கரையில் மடிக்கணினியோடு ஒரு படம். அடுத்து 'மைண்ட்செட்'. அதன்பின் மூன்று ரகசியங்கள். முதல் ரகசியம், தேவை இருக்கும் இடத்தைக் கண்டுபிடி. இரண்டாவது, அதற்கு ஒரு பொருளை உண்டாக்கு. மூன்றாவது, அதை விற்றுவிடு. ஐயா, வியாபாரம் தோன்றிய நாளிலிருந்து இதுதானே நடக்கிறது! எப்படிக் கண்டுபிடிப்பது, எதை உண்டாக்குவது, யாரிடம் விற்பது? அதெல்லாம் கட்டண வகுப்பில். இதை அவர் மறந்துபோய் விட்டுவிடவில்லை. 'எப்படி' என்பதையும் இலவசமாகச் சொல்லிவிட்டால் கட்டண வகுப்பில் விற்பதற்கு என்ன மிச்சம்? என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும், எப்படி என்று சொல்லக் கூடாது. அந்த வகுப்பே அப்படித் திட்டமிட்டுக் கட்டப்பட்டது.

உண்மையான தகவல் எவ்வளவு சின்னதாக இருக்கும் தெரியுமா? யூடியூபில் விளம்பர வருமானம் வர வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும்; அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸ் என்ற குட்டி வீடியோக்களுக்கு 1 கோடி பார்வைகள். இது யூடியூபின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது. படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த 4,000 மணி நேரத்தைச் சேர்ப்பதுதான் உழைப்பு. அந்த உழைப்பை எந்த ரகசியமும் குறைத்துத் தராது.

தம்பி ஒரு பெரிய அஸ்திரத்தையும் வீசினார். "அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமே பாடங்களை இலவசமாகத் தருகிறது, அதுவும் ஏமாற்றா?" என்று கேட்டார். இல்லை தம்பி, அது ஏமாற்று இல்லை. தன் பாடங்களை உலகத்துக்குத் திறந்துவிடப் போவதாக எம்ஐடி 2001-ல் அறிவித்தது. பெருங்கொடை அது. ஆனால் அங்கே போய்த் தேடிப் பாருங்கள், கணிதம் இருக்கும், இயற்பியல் இருக்கும், நிரலாக்கம் இருக்கும். 'மாதம் இவ்வளவு உறுதி' என்ற பாடம் இருக்காது. நான் வழக்காடுவது இலவசத்தோடு இல்லை. பணத்தையே பாடமாக வைத்திருக்கும் வகுப்போடு. ஒரு வகுப்பின் பெயரிலிருந்து 'பணம்', 'வருமானம்', 'சம்பாத்தியம்' என்ற சொற்களை உருவி எடுத்துவிட்டுப் பாருங்கள். 'வீடியோ எடிட்டிங்' என்று ஏதாவது மிஞ்சினால், அது ஒரு கைவேலை. தாராளமாகப் போய்ப் படியுங்கள், எங்கள் அணிக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அதுதான் இன்றைக்குக் கூண்டில் நிற்கும் ஆள்.

அந்த நல்ல பாடங்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய இணைய வகுப்புகளை ஆராய்ந்து 'சயின்ஸ்' இதழில் 2019-ல் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-ல் பதிவு செய்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 சதவீதம். அப்பேர்ப்பட்ட ஆசிரியர்கள் நடத்தியே இந்தக் கதி. இதில் தவறு யாருடையது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. 'முயன்று பார்க்கிறேன்' என்ற சொல் நம்மிடம் எவ்வளவு மலிவாகப் புழங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

சரி, பார்த்தோம், வாங்கவில்லை, வெளியே வந்துவிட்டோம், என்ன நஷ்டம்? நானும் அப்படித்தான் வெளியே வந்தேன். வந்தவன் வந்தேன், கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். 9 நாளில் 11 அழைப்புகள். "சார், உங்களுக்காக ஒரு சீட் பிடித்து வைத்திருக்கிறேன்." இணைய வகுப்பில் என்ன அம்மா சீட்? துண்டு போட்டா வைத்திருக்கிறீர்கள்? கடைசியாகப் பேசிய பெண்ணிடம் கோபப்படாமல் கேட்டேன், "இந்த கோர்ஸ் நல்லா இருக்குமா?" என்று. "நானே இதை முடிச்சவதான் சார்" என்றார். "முடித்துவிட்டு என்ன செய்கிறீர்கள் அம்மா?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் தணிந்த குரலில், "இதுதான் சார்" என்றார்.

அந்த 'இதுதான்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு உலக அளவில் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் 'மை ஆன்லைன் பிசினஸ் எஜுகேஷன்' என்று ஒன்று, சுருக்கமாக மோப். இணையத்தில் தொழில் நடத்த 21 படி என்று விளம்பரம். உள்ளே நுழைய 49 டாலர்தான். நுழைந்த பிறகு ஆயிரக்கணக்கான டாலருக்கு மேல்நிலை உறுப்பினர் திட்டங்கள். அந்த நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2018-ல் வழக்குத் தொடுத்தபோது, மக்களிடமிருந்து 12.5 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள் என்றது. அந்தத் தொழில்தான் என்ன? இதே உறுப்பினர் திட்டத்தை அடுத்தவர் தலையில் கட்டுவது! 21 படி ஏறிப் போனால் மேலே மாடி இல்லை, இன்னொருவருக்கு விற்க அதே ஏணிதான் இருக்கிறது.

"அது 49 டாலர், நாம் பேசுவது இலவசம்" என்று எதிரணி குறித்துக்கொள்வது தெரிகிறது. இலவசத்துக்கும் சாட்சி உண்டு. 'ஆன்லைன் டிரேடிங் அகாடமி' என்ற நிறுவனத்தின் மேல் அதே ஆணையம் 2020-ல் வழக்குப் போட்டது. முதலில் இலவச அறிமுகக் கூட்டம். அங்கிருந்து சில நூறு டாலருக்கு 3 நாள் வகுப்பு. அங்கிருந்து 50,000 டாலர் வரை போகும் பயிற்சி. வருமானம் பற்றிப் பொய்யாக ஆசை காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டில் சமரசமாகி வழக்கு முடிந்தது.

பங்கு வர்த்தகம் சொல்லித் தருகிறேன் என்று வருபவர்களுக்காக இன்னொரு கணக்கு. பிரேசிலில் 2013-லிருந்து 2015-க்குள் ஃபியூச்சர்ஸ் சந்தையில், அதாவது பின்னாளைய விலையை இன்றே பேசி ஒப்பந்தம் போடும் சந்தையில், அன்றன்றே வாங்கி அன்றன்றே விற்கும் தினசரி வர்த்தகத்தில் இறங்கியவர்களை ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 300 நாளுக்கு மேல் விடாமல் வர்த்தகம் செய்தவர்களில் 97 சதவீதம் பேர் இழந்தார்கள். பாதியில் ஓடிப்போனவர்கள் கணக்கு இல்லை இது, விடாமுயற்சிக்காரர்கள் கணக்கு! இதை எந்த இலவச வகுப்பின் முதல் படத்திலாவது போட்டுக் காட்டுவார்களா?

இனி, தம்பி சொன்னதிலேயே என்னை உறுத்திய ஒரே வாதத்துக்கு வருகிறேன். "வசதி உள்ளவன் காசு கொடுத்துப் படிப்பான். இல்லாதவன் எங்கே போவான்? அவனுக்கு இந்த இலவசம்தானே கதி?" என்றார். அவர் குரலில் அக்கறை இருந்தது. அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

என் நண்பர் ஒருவருக்கு வேலை போயிற்று. அடுத்த 7 மாதத்தில் 23 இலவச வகுப்புகளில் சேர்ந்தார். காசு ஒன்றும் கட்டவில்லை, கவனியுங்கள், எதிரணி சொல்லும் புத்திசாலி அவர்தான். ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி எல்லாவற்றுக்கும் குறிப்பு எடுத்தார். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 'அஃபிலியேட் மார்க்கெட்டிங், பாடம் 1.' சிவப்பு மையில் இரண்டு கோடு. நாலு பக்கம் தள்ளி, 'டிராப்ஷிப்பிங், பாடம் 1.' இரண்டு கோடு. இன்னும் தள்ளி, 'மின்னூல் வெளியீடு, பாடம் 1.' கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டேன். பாடம் 2 என்ற எழுத்து அந்த நோட்டில் எங்குமே இல்லை. வசதி இல்லாதவனிடம் இருந்த ஒரே கைமுதல் அந்த 7 மாதம்தான். ஒரே ஒரு கைவேலையை அவர் பிடித்துக்கொண்டிருந்தால் 7 மாதம் குறைந்த காலமா?

இதைவிட வருத்தம், அவர் தன்னையே நொந்துகொண்டதுதான். "எனக்கு மைண்ட்செட் சரியில்லப்பா" என்றார். அந்தச் சொல் அவருக்கு எங்கிருந்து வந்தது? முதல் வகுப்பில், வாழ்க்கை வரலாறு முடிந்ததும், வேலை எதுவும் சொல்லித் தருவதற்கு முன்பே, 'ஜெயிக்காதவர்களிடம் மனநிலை சரியில்லை' என்று ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். பாடம் பலித்தால் ஆசிரியர் கெட்டிக்காரர். பலிக்காவிட்டால் மாணவன் மக்கு. தோற்கவே முடியாத ஆட்டம் ஆசிரியருக்கு! நேரத்தை வாங்கிக்கொண்டார்கள், எண்ணை வாங்கிக்கொண்டார்கள், கடைசியில் ஒரு மனிதன் தன்மேல் வைத்திருந்த மரியாதையையும் வாங்கிக்கொண்டார்கள். தம்பி, இதற்கும் இலவசம் என்றுதான் பெயரா?

நடுவர் மணி அடித்துவிட்டார். ஒரே ஒரு நிமிடம், ஐயா. அந்த வெபினாரின் முடிவிலும் ஒரு கடிகாரம் ஓடியது. '15 நிமிடத்தில் சலுகை முடிகிறது, 3 இடங்களே பாக்கி' என்று சிவப்பு எழுத்தில் மினுக்கியது. எனக்குக் கை நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். 2, 1, பூஜ்யம். ஒரு நொடி திரை அசைந்தது. மறுபடியும் 15-லிருந்து ஓட ஆரம்பித்தது. அப்போதும் 3 இடங்கள்தான் பாக்கி.

உங்கள் மணி அப்படி இல்லை ஐயா, அடித்தால் அடித்ததுதான். இதோ, உட்கார்ந்துவிட்டேன். வணக்கம்.