தகதிமி தகதிமி தகிட: ‘டோகான் ஏ.டி.’யை எண்ணிக் கேக்குறது எப்படி

வணக்கம் மக்களே! போன வீடியோல ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரோட ட்ரியோ (பியானோ, பேஸ், ட்ரம்ஸ்னு மூணு பேர் குழு) போட்ட ‘ஹிஸ்டாரிசிட்டி’ ஆல்பம் பேசினோம்ல, 2009ல வந்தது. கமெண்ட்ல வரிசையா, “ஐயர் போட்ட டோகான் ஏ.டி. செம”ன்னு வந்திருக்கு. செமதான், ஆனா அது அவர் போட்டது இல்லீங்க. சாக்ஸபோன் கலைஞர் ஜூலியஸ் ஹெம்பில் எழுதினது. 1972ல, அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல பதிவு பண்ணி, தன்னோட சொந்த ரெக்கார்டு லேபிள்லயே வெளியிட்டார்.

உங்க மேல கோவம் இல்ல. பாட்டு கேக்குற ஆப் மேலதான் கோவம். வாசிச்சவர் பேரு பெருசா நிக்குது. எழுதினவர் பேரைப் பாக்கணும்னா ஓரத்துல மூணு புள்ளியைத் தொடணும், கிரெடிட்ஸ்னு தேடிப் பிடிக்கணும், அதுக்குள்ள கீழ தள்ளணும். பாட்டுக்குக் கீழ சின்னதா ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சிடும்? ஆண்ட்ரூ ஹில் (பியானோ), ரானி ஃபாஸ்டர் (ஆர்கன்), ஹெம்பில்னு மத்தவங்க எழுதினதைத் தேடித் தேடி எடுத்து வாசிச்ச ஆல்பம் ‘ஹிஸ்டாரிசிட்டி’. அந்தப் பேரெல்லாம் தெரியாம கேட்டா பாதி விஷயம் போயிடும். சரி, பாட்டுக்கு வருவோம்.

மூலப் பதிவுல நாலு பேர். ஆல்ட்டோ சாக்ஸ் ஹெம்பில், ட்ரம்பெட் பைக்கிடா கேரல், செல்லோ அப்துல் வதூத், ட்ரம்ஸ் ஃபிலிப் வில்சன். பியானோவே கிடையாது, பேஸும் (அடி ஸ்வரம் வாசிக்கிற பெரிய தந்தி வாத்தியம்) கிடையாது! அப்போ ஒரு பியானோ ட்ரியோ இதை எடுத்தா யார் வேலையை யார் செய்யறது? அதுதான் இங்க கணக்கு.

வில் போட்டு இழுக்குற வரைக்கும் செல்லோ நாதம் நிக்கும். பியானோ தட்டின நொடியிலயே தேய ஆரம்பிச்சிடும். சரி, பெடலை மிதிச்சு நீட்டலாம்னு பாத்தீங்கன்னா, அடி ஸ்வரமெல்லாம் அடுத்த சுத்துக்குள்ள கசிஞ்சு தாளத்தோட வெட்டு மழுங்கிப்போகும். வீட்டுல வாசிச்சுப் பாக்குறவங்க கடைசி மூணு மாத்திரைக்கு முன்னாடியே பெடலை விட்டுடுங்க.

எந்த மூணு? சொல்றேன். இது 11/16. ஒரு சுத்துக்கு பதினோரு மாத்திரை. தகதிமி தகதிமி தகிட, 4, 4, 3. (இது எண்றதுக்கு நம்ம வசதி, அவ்வளவுதான். ஹெம்பில் கர்நாடக சங்கீதத்துல இருந்து எடுத்தார்னு எங்கயும் எழுதிடாதீங்க.) எல்லாரும் தப்பு பண்ற இடம் அந்தத் தகிட. வாய் தானா இன்னொரு தகதிமி போட்டுடும், பன்னிரண்டாயிடும். மோசம் என்னன்னா, நீங்க 11 சுத்து தப்பா எண்ணினா வாசிக்கிறவங்க 12 சுத்து முடிச்சிருப்பாங்க, 132 மாத்திரைல ரெண்டும் சேர்ந்து நிக்கும். சரியா எண்ணின மாதிரியே இருக்கும், ஏமாந்துடாதீங்க.

இப்போ மெட்ரோனோம், அதாவது தாளத்துக்கு டிக் டிக்னு அடிக்கிற கருவி. மாத்திரைக்கு ஒரு டிக்னு நிமிஷத்துக்கு 220 வேகம் வெச்சா ஒரு சுத்து சரியா 3 நொடி. சுத்து ஆரம்பத்துல மட்டும் டிக் விழணும்னா 20ல வைக்கணும். சாவி கொடுக்குற பழைய மெட்ரோனோம் 40க்குக் கீழ இறங்காது. 40ல வெச்சீங்கன்னா நடுவுல ஒரு டிக் வரும், ஆறாவது மாத்திரைக்கும் ஏழாவதுக்கும் நட்ட நடுவுல! அது காலை வாரிடும். அதனால ஆப்புல 20 வரைக்கும் இறங்குதான்னு முதல்ல பாருங்க. இல்லேன்னா 220லயே வெச்சு, தகதிமி, தகதிமி, தகிட மூணுக்கும் முதல் எழுத்துல மட்டும் கை தட்டுங்க. ரெண்டு நீளம், ஒரு குட்டை. பத்து சுத்து தப்பாம வந்தா உடம்புல ஏறிடுச்சுன்னு அர்த்தம். அந்த சந்தோஷமே தனி!

அட, ஆண்ட்ரூ ஹில் பேரைச் சொல்லிட்டு முக்கியமானதை விட்டுட்டேன். அவரோட ‘ஸ்மோக் ஸ்டாக்’ 1963ல பதிவானது, அதுல ரெண்டு பேஸ், ட்ரம்ஸ் ராய் ஹெய்ன்ஸ். ஐயர் ட்ரியோல அதையே வாசிக்கும்போது பேஸ் ஒண்ணுதான், ஸ்டீஃபன் க்ரம்ப். ட்ரம்ஸ் யாரு? மார்கஸ் கில்மோர், ராய் ஹெய்ன்ஸோட சொந்தப் பேரன்! தாத்தா வாசிச்ச பாட்டைப் பேரன் வாசிக்கிறார். ரெண்டு பதிப்புலயும் ட்ரம்ஸோட சிம்பலை (அந்த உலோகத் தட்டை) மட்டும் காதுல பிடிச்சுக்கிட்டுக் கேளுங்க.

டோகானுக்கு மூலத்தை முதல்ல போடுங்க, 14 நிமிஷத்துக்கு மேல ஓடும். முதல் தடவை சாக்ஸை விட்டுட்டு செல்லோ பின்னாடியே போங்க. தகிட எங்க விழுதுன்னு காது கண்டுபிடிச்ச பிறகு ட்ரியோவைப் போடுங்க. கமெண்ட்ல எழுதும்போது ஹெம்பில் பேரையும் சேர்த்து எழுதுங்க.