சித்திரைப் புத்தாண்டு இனிப்பது வீட்டிலேயே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘சித்திரைப் புத்தாண்டு பெரிதும் இனிப்பது வீட்டு முற்றத்திலா, ஊர் மைதானத்திலா?’ இதுதான் நமக்குத் தந்த தலைப்பு. மைதானத்துக்காகப் பேசிய எதிரணித் தலைவர் புத்தாண்டு விளையாட்டுகளை அடுக்கி, இந்த மேடையிலேயே போர்த்தேங்காய் அடித்தார், மாட்டுவண்டிச் சவாரி ஓட்டினார், கிளித்தட்டு மறித்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே வியர்த்துவிட்டது. ஆனால், மைதானத்துக்கு வருமுன் தாம் எங்கே இருந்தார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். தலையில் ஓர் இலையும் காலின் கீழ் ஓர் இலையுமாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வீட்டுக் கிணற்றடியில் நின்றிருந்தார்!

“புத்தாண்டுக்குத் தலையில் தேய்த்து முழுகும் மருத்துநீரைக் காய்ச்சித் தருவது கோயில்தானே?” என்று குறுக்கே கேட்டார். உண்மைதான். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு எல்லாம் இட்டுக் காய்ச்சித் தருவது கோயில்தான். ஆனால் போத்தலை வாங்கிய கையோடு கோயில் வீதியிலேயே தலையில் ஊற்றிக்கொண்ட ஒருவரை யாராவது கண்டதுண்டா? அதைத் தேய்த்துவிட வீட்டில் ஒரு மூத்த கை வேண்டும், ஐயா. எங்கள் வீட்டில் அது அப்பம்மாவின் கை. அந்த ஆண்டுக்குத் தலைக்கும் காலுக்கும் எந்த இலை என்று அப்பா பஞ்சாங்கம் பார்த்துச் சொல்ல, நாங்கள் வேலி வேலியாக ஓடிப் பறித்து வருவோம். பிறகு அப்பாவே தலையைக் குனிந்துகொண்டு அப்பம்மாவின் முன்னால் நிற்பார். எங்களை அதட்டி நடுங்கவைக்கும் மனிதர் அன்றைக்கு, “அம்மா, கண்ணில் படுகிறது” என்று முனகுவார். அதைப் பார்க்கவே நாங்கள் ஆண்டு முழுவதும் காத்திருந்தோம்.

பஞ்சாங்கம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அப்பா வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், அம்மா வீட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம். வருடம் பிறக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றாக இராது. எது சரி என்று அப்பாவும் அம்மப்பாவும் விவாதிப்பார்கள். அந்தப் பட்டிமன்றத்துக்கு நடுவரும் இல்லை, தீர்ப்பும் இல்லை. நாங்கள் இரண்டு நேரத்திலும் கைநீட்டி, வெற்றிலை, பாக்கு, நெல்லோடு பெரியவர்கள் தரும் புத்தாண்டுக் காசான கைவிசேடத்தை இரண்டு முறை வாங்கிவிடுவோம்.

நம் இலங்கையில் சிங்கள மக்களும் இதே நாளில்தான் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். அவர்களுக்கான சுபநேரங்களை அரசே வெளியிடுகிறது. அந்தப் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள்: அடுப்பு மூட்ட ஒரு நேரம், முதல் உணவு உண்ணவும் கைவிசேடம் கொடுக்கவும் ஒரு நேரம், தலைக்கு எண்ணெய் வைக்க ஒரு நேரம், வேலைக்குப் புறப்பட ஒரு நேரம். வழுக்குமரம் ஏற ஏதாவது நேரம் குறித்திருக்கிறார்களா? ஓர் அரசு குசினிக்குள் வந்து நேரம் பார்க்கிறது என்றால், இந்தத் திருநாள் எங்கே குடியிருக்கிறது என்பதை நான் வேறு சொல்ல வேண்டுமா?

எதிரணிச் சகோதரி ஒன்று கேட்டார். அதைச் சிரித்து மழுப்ப எனக்கு மனமில்லை. “வீடே இல்லாமற்போன ஆண்டுகளில் புத்தாண்டு எங்கே இருந்தது?” என்றார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியே இடம்பெயர்ந்தது. 1996 சித்திரையில் நாங்கள் பக்கத்துப் பகுதியான தென்மராட்சியில், ஒரு பாடசாலையின் ஒரே வகுப்பறையில், ஐந்து குடும்பங்களாக இருந்தோம். “எல்லோரும் சேர்ந்து ஒரே பானையில் பொங்கினால் விறகாவது மிஞ்சுமே” என்றார் ஒருவர். நியாயமான பேச்சு. அப்பம்மா ஒன்றும் சொல்லவில்லை. விறாந்தை ஓரமாக ஒரு பாய் அளவு நிலத்தைக் கூட்டினார். சாணம் தெளித்தார், அரிசிமாவால் கோலம் போட்டார், மூன்று கல் வைத்தார். சிறிது நேரத்தில் பக்கத்தில் இன்னொரு கோலம். பிறகு இன்னொன்று. கடைசியில் பார்த்தால், விறகு மிஞ்சட்டும் என்றவரும் கல் தேடிக்கொண்டிருந்தார். அன்று அந்த விறாந்தையோரம் ஐந்து அடுப்புகள் எரிந்தன. சகோதரி, பெரிய மைதானம் ஒன்று பத்தடி தூரத்தில் சும்மா கிடந்தது. பாடசாலை அல்லவா?

அன்று அப்பம்மா கொடுத்த கைவிசேடம் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று. நான் அதைச் செலவழிக்கவில்லை.

1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில், 2014 ஒக்ரோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அடுத்த சித்திரைக்குக் கொழும்பிலிருந்து அதில் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சவாரி பார்க்கவா வந்தார்கள் என்று. அம்மாவின் பயற்றம் பணியாரமும் அரியதரமும் இருக்கிற திசைக்கு வந்தவர்கள் அவர்கள்!

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு வேண்டுகோள், நடுவர் ஐயா. எதிரணித் தலைவரின் துணைவியார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். “வருகிற புத்தாண்டன்று விடியும் முன்பே நான் மைதானத்துக்குப் போய்விடுவேன்” என்று தலைவர் அவர் முகத்தைப் பார்த்து ஒருமுறை சொல்லட்டும். சொல்லிவிட்டால், என் வாதம் முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.