இரணைமடுவுக்குக் கீழே ஓர் ஊர்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

கிளிநொச்சி என்றதும் பலருக்கு ஏ9 வீதியும் போரும்தான் முதலில் நினைவுக்கு வரும். செய்திகளில் அந்தப் பெயர் அப்படித்தான் பல வருடங்கள் அடிபட்டது. இன்றைக்கு நான் அந்த வீதியை விட்டு, தெற்கே சில கிலோமீற்றர் தள்ளி இருக்கிற இரணைமடுக் குளக்கட்டிலிருந்து இந்த ஊரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். குளம் முதலில் வந்தது, ஊர் பிறகு வந்தது. அந்த வரிசையை விட்டுவிட்டால் இங்கே இருக்கிற எந்தப் பிரச்சினையும் சரியாக விளங்காது.

முதலில் தண்ணீர் வரும் வழியைப் பார்ப்போம். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கக் காடுகளில் தொடங்கி வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுவில் தேங்கி, அப்புறம் கண்டாவளைப் பக்கமாகச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் சேர்கிறது. பெயர்தான் ஆறு, ஆனால் வருடம் முழுக்க ஓடுகிற ஆறல்ல. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை கொட்டும். தை கழிந்தால் ஆற்றில் மணல் தெரியத் தொடங்கிவிடும். அந்த மூன்று மாத மழையைப் பிடித்து வைத்தால்தான் மற்ற மாதங்களுக்குத் தண்ணீர். வன்னியில் ஊர்ப்பெயர்கள் இத்தனை 'குளம்', 'மடு', 'மோட்டை' என்று முடிவது இதனால்தான்.

ஆறு கடலைச் சேரும் இடத்தில் சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1938இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் தேசியப் பூங்காவானது. மாரி காலத்தில் அங்கே வந்து இறங்கும் வலசைப் பறவைகளைப் பார்க்க இன்னும் நம்மவர் அதிகம் போவதில்லை, போய்ப் பாருங்கள். மண்ணின் பழமையைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் தொல்லியல் நூல்களில் 'இரணைமடுப் படிவு' என்று ஒரு மண்படிவத்துக்குப் பெயர் உண்டு. செம்மண்ணும் சரளையும் கலந்த அந்தப் படிவத்தில் ஆதி மனிதர் செய்த கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. எழுத்தும் இரும்பும் வருவதற்கு மிகவும் முந்திய காலம் அது. இந்த நிலத்தில் மனித நடமாட்டம் அவ்வளவு பழையது.

இன்றைய குளத்தின் கதை ஆங்கிலேயர் காலத்தில் தொடங்குகிறது. ஹென்றி பாக்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1885இல் இதற்கான திட்டத்தை வகுத்தார். கட்டும் வேலை 1902இல் ஆரம்பித்து, முடிய ஏறத்தாழ இருபது வருடங்கள் சென்றன. இதற்கிடையில் 1905இல் யாழ்ப்பாண ரயில் பாதை இந்தக் காட்டை ஊடறுத்துப் போய்விட்டது. ரயில் ஓடியது, குளமும் நிறைந்தது, ஆனால் கமம் செய்ய ஆட்கள் இல்லை. காடும் மலேரியாவும் யாரையும் நிலைக்க விடவில்லை.

1936இல் இங்கே குடியேற்றத் திட்டம் தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி நெருக்கடி, வேலையில்லாத் திண்டாட்டம். அங்கிருந்து குடும்பங்கள் வந்தன. வயற்காணியும் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள், காட்டை வெட்டுவது அவரவர் பாடு. பகலில் காடு வெட்டி, இரவில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்து, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே வரம்பு கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இந்த ஊரின் பெரியவர்கள். 1940களின் கடைசியில் டிடிடி மருந்து தெளித்து மலேரியாவை அடக்கிய பிறகுதான் இங்கே பிள்ளைகுட்டியோடு நம்பி இருக்க முடிந்தது. குளக்கட்டும் அதே காலத்திலிருந்து 1970கள் வரை படிப்படியாக உயர்ந்து, 34 அடித் தண்ணீர் கொள்ளும் நிலைக்கு வந்தது.

ஊர் எப்படிப் பரவியது என்று பார்த்தால் வாய்க்கால் போன வழிதான். வலதுகரை வாய்க்கால் வட்டக்கச்சி, முரசுமோட்டை என்று கிழக்குப் பக்கத்துக்கு நீர் கொடுக்கிறது. இடதுகரை வாய்க்கால் உருத்திரபுரம் பக்கத்துக்குப் போகிறது. உருத்திரபுரத்தில் இன்றும் 'எட்டாம் வாய்க்கால்', 'பத்தாம் வாய்க்கால்' என்றுதான் இடம் சொல்வார்கள். வீதிக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே வாய்க்காலுக்கு இலக்கம் இருந்தது. கட்டுக்குப் பக்கத்தில் கனகாம்பிகை அம்மன் கோயில், வாய்க்கால் போய் முடிகிற பக்கத்தில் புளியம்பொக்கணை நாகதம்பிரான். பங்குனியில் நாகதம்பிரான் பொங்கலுக்குத் திரள்கிற சனத்தைப் பார்த்தால், நெல் வெட்டி முடித்த ஒரு நாடே வந்து நிற்பது தெரியும்.

சரி, இந்தக் குளத்தின் கீழ் சுமார் 21,000 ஏக்கர் வயல் இருக்கிறது. காலபோகம் என்கிற மாரிப் பயிர்ச்செய்கையில் மழையும் கைகொடுப்பதால் அவ்வளவும் விதைக்கலாம். சிறுபோகம் என்கிற கோடைப் பயிர்ச்செய்கைக்குக் குளத்து நீர் மட்டும்தான். அது எல்லா வயலுக்கும் போதாது. எனவே விதைப்புக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். அரசாங்க அதிபர் (மாவட்டச் செயலாளர்), நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமக்கார அமைப்புகளின் பிரதிநிதிகள் எல்லோரும் இருப்பார்கள். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, அதை வைத்து எத்தனை ஏக்கர் செய்யலாம், துருசு என்கிற மதகை எந்தத் திகதியில் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பை முடிப்பது என்று பேசித் தீர்மானிப்பார்கள். பிறகு அந்த ஏக்கரைப் பங்காகப் பிரிப்பார்கள். சொந்த வயலுக்கு நீர் வராத வருடத்தில், நீர் வருகிற இடத்தில் இன்னொருவரின் வயலில் உங்கள் பங்கைச் செய்யலாம். வரம்புக்கு வரம்பு வழக்குப் பேசுகிற மனிதர்கள் இதற்கு ஒத்துக்கொண்டு நடக்கிறார்கள். என் கணிப்பில் கிளிநொச்சியின் மிகப் பெரிய சாதனை இதுதான். சண்டை இல்லாமல் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்குத் தண்ணீர் பிந்தித்தான் போகிறது, குறுக்கே மறித்துக் கட்டுகிறவர்களும் உண்டு. ஆனாலும் அடுத்த போகத்துக்கு மறுபடி கூட்டம் கூடுகிறது.

போர்க்காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமானது. 1990இல் ரயில் நின்றது. 1996இல் படை நடவடிக்கையோடு ஊர் முழுவதும் எழும்பி அக்கராயன், மல்லாவி என்று சிதறியது. மெல்ல மெல்லத் திரும்பி வந்தவர்கள் 2008இன் கடைசியில் மறுபடியும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிழக்கே நடந்தார்கள். அந்தப் பாதை எங்கே போய் முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். முகாம்களிலிருந்து மீள வந்தவர்களை வரவேற்றது, விழுந்து கிடந்த நகரத்து நீர்த்தாங்கி. வராமல் போனவர்களுக்காக இன்னும் வீதியோரம் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மாரை இந்த நகரத்திலும் பார்க்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் வரவேண்டும்.

மீள்குடியேறிய பிறகு, சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தினதும் ஆசிய அபிவிருத்தி வங்கியினதும் நிதியுதவியோடு குளம் திருத்தப்பட்டு, கொள்ளளவு 36 அடியாக உயர்ந்தது. 2018 டிசம்பர் தொடக்கத்தில் திறப்பு விழா. அதே மாதம் 21ஆம் திகதி இரவு பெருமழை பெய்து, வான்கதவுகள் திறக்கப்பட்டு, தாழ்ந்த ஊர்களில் வெள்ளம் புகுந்தது. கதவைத் திறப்பது பொறியியல் கணக்கு என்றாலும், கீழே இருப்பவர்களுக்கு நேரத்தோடு சொல்லி வைப்பது ஒழுங்கான நிர்வாகத்தின் முதல் வேலை. நீர்ப்பாசனத் திணைக்களம், இடர் முகாமைத்துவ நிலையம், கிராம அலுவலர் மூவரும் ஒரே நேரத்தில் ஒரே தகவலைச் சொல்ல வேண்டும்.

இந்தக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகத் திட்டமிட்டபோது இங்குள்ள கமக்காரர்கள் எதிர்த்தார்கள். அவர்களைக் கல்நெஞ்சக்காரர் என்று சிலர் பேசினார்கள். அது நியாயமில்லை. சிறுபோகத்துக்கே பங்கு பிரிக்கிற குளத்தில் மிச்சம் எங்கே இருக்கிறது? குடாநாட்டின் கிணறுகள் உவராகிவருவதும் உண்மை, அதற்கு வழி வேண்டும். கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது.

நான் இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக விரும்பினேன். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பியும், 1970களில் தோட்டங்களில் பட்டினி தாங்காமலும் மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம், தொண்டமான்நகர் எல்லாம் அவர்கள் உழைப்பில் எழும்பிய குடியிருப்புகள். இவர்களில் பெரும்பாலானவர்கள் மேட்டுக்காணியில் இருக்கிறார்கள். குளத்து நீர் அங்கே ஏறாது. மற்றவர் வயலில் நாற்று நட்டு, களை பிடுங்கி, வெட்டிச் சூடு அடித்தவர்கள் அவர்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பேச வயற்காணி வேண்டும் என்பதால் அங்கே அவர்களுக்குக் குரல் இல்லை. குளத்தில் மீன் பிடிக்கிறவர்களுக்கும் நீர்மட்டம் எவ்வளவு குறையலாம் என்பதில் அக்கறை உண்டு. அவர்களும் அங்கே எப்போதாவதுதான் கேட்கப்படுகிறார்கள்.

மேட்டுக் குடியிருப்புகளில் கோடையில் கிணறு வற்றுகிறது. சின்னக் குளங்களைத் தூர்வாரி நிரப்பி வைத்தால் அந்தக் கிணறுகளில் ஊற்று நிற்கும். இது புதுக் கண்டுபிடிப்பல்ல, வன்னிக் கமக்காரருக்குத் தெரிந்த பழைய பாடம். வருகிற காலபோகக் கூட்டத்தில் நெல்லுக்கான ஏக்கர் கணக்கைப் பேசும்போதே, மேட்டுக் குடியிருப்புகளின் கிணற்றுக்கும் சின்னக் குளத்துக்கும் எவ்வளவு நீர் என்ற கணக்கையும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி கமக்கார அமைப்புகளின் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு அந்த ஊர்களின் பிரதிநிதிகளையும் அழையுங்கள்.

வணக்கம்.