முதலில் ஓடட்டும், பெயிண்ட் அப்புறம்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்கு என்னை அழைத்தவர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "சார், நீங்க வச்சிருக்கிறது புல் வெட்டுற வண்டிதானே?" என்பது. என் வீட்டிலும் பல வருடமாக இதே கேள்விதான், அதனால் கோபம் வரவில்லை. அது புல்லும் வெட்டும். அதோடு உழும், பனி தள்ளும், பாத்தி கட்டும், விறகு இழுக்கும். அதற்குப் பெயர் கார்டன் டிராக்டர். என்னிடம் இருப்பது கப் கேடட் 102. 1965 முதல் 1967 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட மாடல்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவில் ஊருக்கு வெளியே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலத்தோடு வீடு கட்டிக்கொண்டு போனவர்கள் ஏராளம். பண்ணை டிராக்டர் அந்த இடத்தில் திரும்பவே முடியாது. மண்வெட்டியை நம்பினால் இடுப்பு போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்த வண்டி இது. இந்தியானாவின் சவுத் பெண்டில் 1946-இல் எல்மர் பாண்ட் சிறிய டிராக்டர் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். அதுவே அவர் மகன் செசில் காலத்தில் வீல் ஹார்ஸ் என்ற பெயரில் வளர்ந்தது. விஸ்கான்சினில் போர்ட் வாஷிங்டன் என்ற சின்ன ஊரில் மட்டும் போலன்ஸ், சிம்ப்ளிசிட்டி என்று இரண்டு கம்பெனிகள் இருந்தன. 1960-களின் தொடக்கத்தில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட் வந்தது. 1963-இல் ஜான் டியரின் 110 வந்தது. பெரிய டிராக்டர் செய்துகொண்டிருந்தவர்களே சின்னதையும் செய்ய இறங்கியதால், சின்ன வண்டிக்கும் பெரிய வண்டியின் எலும்பு கிடைத்தது. முதல் கப் கேடட்டின் கியர்பாக்ஸில் அதே கம்பெனியின் ஃபார்மால் கப் பண்ணை டிராக்டரின் சாயலைப் பார்க்கலாம்.

எலும்பு என்று சும்மா சொல்லவில்லை. என் வண்டியின் என்ஜின் பிளாக், கியர்பாக்ஸ் கூடு இரண்டுமே வார்ப்பிரும்பு. சட்டம் கனமான இரும்பு சேனல். என்ஜின் கோலர் கம்பெனியின் கே 241. ஒரே சிலிண்டர், பத்து குதிரைத்திறன், கிட்டத்தட்ட 390 சி.சி. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. அதனால் சிலிண்டர் ஹெட் என்பது போல்ட் போட்ட ஒரு மூடிதான். கழற்றினால் பிஸ்டன், வால்வு இரண்டும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். இதைச் செய்தவர்கள், யாரோ ஒருவர் என்றைக்காவது ஸ்பேனரோடு வருவார் என்று எதிர்பார்த்தே செய்திருக்கிறார்கள். சிலிண்டர் தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டாம். உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது பங்கு என்று பெரிய அளவில் கிடைக்கும் பிஸ்டனைப் பொருத்தலாம்.

சரி, ஒரு பழைய டிராக்டர் கைக்கு வருகிறது. பத்து வருடம் கொட்டகையில் கிடந்தது. என்ன செய்வீர்கள்? நான் செய்த தவறைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். நான் முதலில் பெயிண்ட் வாங்கினேன்.

மூன்று மாதம் தேய்த்தேன், பூசினேன், ஸ்டிக்கர் ஒட்டினேன். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஸ்டார்ட் செய்த அன்றைக்கே, பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் சீலில் எண்ணெய் கசிந்து சட்டமெல்லாம் வழிந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி பிடிக்காமல் பெட்ரோல் பொங்கிப் புதுப் பெயிண்டை உரித்தது. எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். கழற்றும்போது ஸ்பேனர் வழுக்கி இன்னும் நாலு கீறல். அன்றிலிருந்து என் வரிசை வேறு: ஓட வேண்டும், நிற்க வேண்டும், வேலை செய்ய வேண்டும். அதற்கப்புறம் மனமிருந்தால் பெயிண்ட்.

இந்த வண்டிகளை ஓட்டம் கெடுப்பதைவிடச் சும்மா நிற்பதுதான் அதிகம் கெடுக்கிறது. தொட்டியில் விட்ட பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் இளக வைக்கும். அதனால் பழைய வண்டி வந்ததும் என் முதல் வேலை தொட்டியைக் காலி செய்வது, குழாயை மாற்றுவது, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுவது. அடுத்தது தீப்பொறி. பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னத் தொடுமுனைகளுக்குப் பெயர் பாயிண்ட். அதன் முகங்களில் மெல்லிய படலம் படிந்திருந்தாலே பிளக்கில் பொறி வராது. பொறிக்கு மின்னழுத்தம் கொடுக்கும் காயில் நன்றாக இருந்தும் அதை வீணாக மாற்றியவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன். பாயிண்டைச் சுத்தம் செய்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து, இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் 20 என்று பிடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் எஸ் என்று ஒரு குறி இருக்கிறது. அந்தக் குறி பார்வைத் துளையில் வரும் அந்தக் கணத்தில் பாயிண்ட் திறக்க வேண்டும். அவ்வளவுதான் டைமிங்.

என்ஜின் சிக்கிக்கொண்டிருந்தால் அவசரப்படக் கூடாது. பிளக்கைக் கழற்றி, ஊடுருவும் எண்ணெயைச் சிலிண்டருக்குள் விட்டு, நாட்கணக்கில் ஊற விடுங்கள். ஹெட்டைக் கழற்றி பிஸ்டன் தலையில் மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டலாம். இரும்பால் அடித்தீர்களானால் பிஸ்டன் போச்சு. நீளக் கம்பியை மாட்டி ஃப்ளைவீலைத் திருகினால் அதன் துடுப்பு உடையும். என் நண்பர் ஒருவர் தினமும் மாலை காபி குடித்துவிட்டுப் போய் ஒரு தட்டு தட்டுவார். பதினேழாம் நாள் அசைந்தது. அந்தப் பொறுமை எனக்கில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது இன்னொரு தவறு, இது பெரியது. இந்த என்ஜினில் எண்ணெய் பம்ப் கிடையாது. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சின்னக் கரண்டி இருக்கும். அது சுற்றுக்கு ஒரு தரம் எண்ணெயில் முங்கி நாலு பக்கமும் வாரி இறைக்கும். ராடு அலுமினியம். சரிவில் நீண்ட நேரம் குறுக்காக ஓட்டினால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அளவும் குறைந்திருந்தால் கரண்டிக்கு எட்டாது. நான் ஒரு சனிக்கிழமை மேட்டுச் சரிவில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் பார்க்கவில்லை. டக் டக் என்று ஒரு சத்தம், பிறகு ஒரே அடி, அப்புறம் அமைதி. ராடு இரண்டாக உடைந்திருந்தது. பிளாக் உடையாதது என் அதிர்ஷ்டம்.

கிராங்க் ஷாஃப்ட்டில் அலுமினியம் அப்பிக் கிடந்தது. அதைச் சுரண்டினால் எஃகில் கோடு விழும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துணியில் தொட்டுத் துடைத்தால் அலுமினியம் கரைந்து நுரைத்துப் போகும், எஃகை அவ்வளவாகத் தொடாது. வெளியில் வைத்து, கையுறை போட்டு, உடனே கழுவி எண்ணெய் பூச வேண்டும். பிறகு லேத் பட்டறையில் தண்டை அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து கடைந்து, அந்த அளவுக்கு ஏற்ற ராடு வாங்கிப் போட்டேன். இப்போது ஏறி உட்காரும் முன் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்ப்பது எனக்குச் செருப்பு போடுவது மாதிரிப் பழக்கமாகிவிட்டது.

பிற்காலத்துப் பெரிய கே வகை என்ஜின்களில் அதிர்வைக் குறைக்க உள்ளே பேலன்ஸ் கியர்கள் இருக்கும். அவற்றின் பேரிங் தேய்ந்து உடைந்தால் பிளாக்கையே பிளந்துவிடும். என்ஜினைப் பிரித்தால் அவற்றை எடுத்துவிட்டே மூடுகிறேன். கொஞ்சம் அதிர்ந்தால் அதிரட்டும்.

துருவுக்கு நான் நம்புவது மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவை சோடா. துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையில் மாட்டி முக்க வேண்டும். பாசிட்டிவில் சாதா இரும்புத் துண்டு. ஒரு ராத்திரியில் துரு கறுத்து இளகிவிடும், நல்ல இரும்பு கரையாது. பாசிட்டிவில் எவர்சில்வர் வைக்காதீர்கள், அதிலிருக்கும் குரோமியம் நஞ்சாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் மூடிய அறையில் வேண்டாம்.

இவ்வளவு நேரம் டிராக்டரைப் பற்றியே பேசிவிட்டேன். உண்மையில் அது பாதிதான். மீதிப் பாதி அதன் பின்னாலும் முன்னாலும் மாட்டும் கருவிகள். பழைய வண்டி வாங்கப் போனால் நான் கொட்டகை மூலையைத்தான் முதலில் பார்ப்பேன். வண்டியை எங்கேயும் தேடிப் பிடிக்கலாம். அந்த வண்டிக்கென்றே செய்த பனி எறியும் கருவியை மாட்டும் சட்டம் தொலைந்துவிட்டால், வருடக்கணக்கில் தேட வேண்டிவரும். விற்பவருக்கு அது பழைய இரும்பாகத் தெரியும். நான்கு துளை போட்ட ஒரு கோணல் பட்டைதான். அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். இன்னொன்று, ஒரே கம்பெனியின் கருவி என்பதற்காக மாட்டிவிடும் என்று நினைக்காதீர்கள். கப் கேடட்டில் 1971 வாக்கில் சட்டத்தை அகலமாக்கினார்கள். அதற்கு முந்தைய ஒடுக்கச் சட்ட வண்டியின் கருவி பல நேரம் பிந்தையதில் உட்காராது.

கத்திகள் அடியில் சுழலும் புல் வெட்டும் தளத்தின் மேல்பக்கம் பளபளப்பாக இருக்கும். குனிந்து அடிப்பக்கம் பாருங்கள், ஈரப் புல் ஒட்டி ஒட்டி அரித்திருக்கும். கத்தித் தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேரிங் மாற்றும் வேலை இருக்கிறது.

கலப்பை எனக்குப் பிடித்தது. 1839 முதல் இருக்கும் பிரின்லி கம்பெனியின் மண்ணைப் புரட்டிப் போடும் பத்து அங்குல இறக்கைக் கலப்பை என்னிடம் உண்டு. பலர் அதை மாட்டி இரண்டு சால் ஓட்டிவிட்டு, உழவில்லை, மண்ணைக் கீறுகிறது என்று கழற்றிவிடுவார்கள். குறை கலப்பையில் இல்லை. முதல் சால் போன பிறகு ஒரு பக்கத்துச் சக்கரம் சாலுக்குள் இறங்கி ஓடும், வண்டி சாயும். அந்தச் சாய்விலும் கலப்பை மண்ணுக்கு நேராக நிற்கும்படி அதை மாட்டும் கோணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்தில் எடை வேண்டும். எடைக்காக டயருக்குள் கால்சியம் குளோரைடு நீர் ஊற்றுவது பழைய வழக்கம். அது கசிந்து எத்தனையோ நல்ல ரிம்களைத் தின்றிருக்கிறது. வார்ப்பிரும்பு எடைகளைச் சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டுவது மேல். எல்லாம் சரியானால், பத்து குதிரைத்திறன் வண்டி முதல் கியரில் மெல்ல ஊர்ந்து, மண்ணை மடித்து மடித்துப் போட்டுக்கொண்டே போகும். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டி வேலியில் முட்டியிருக்கிறேன்.

என் 102-க்கு இப்போது மறுபடி பெயிண்ட் போகத் தொடங்கியிருக்கிறது. ஹூட்டில் மஞ்சள் வெளிறி, ஓரத்தில் பழைய பூச்சு தெரிகிறது. சீட்டில் ஒரு கிழிசல். வீட்டில் கேட்கிறார்கள், எப்போது பூசுவாய் என்று. முன்பக்கம் கருவிகளை இயக்கும் கிளட்ச் கொஞ்சம் வழுக்குகிறது, பனிக்காலம் வருவதற்குள் அதைப் பிரிக்க வேண்டும். பெயிண்ட் டப்பா அலமாரியில் இருக்கிறது, மூடியை இன்னும் திறக்கவில்லை.

வணக்கம்.